கிட்டின் ஆர்ட் மெர்ஜ்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

கிட் என்பது நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாகச் சேமிக்கிற கருவி. அதில் தனித்தனியாக வளர்ந்த கிளைகளை (பிராஞ்ச்) ஒன்றாகச் சேர்ப்பதுதான் மெர்ஜ். 2021 நவம்பரில் வந்த கிட் 2.34 பதிப்பிலிருந்து, மெர்ஜ் செய்யும்போது உள்ளே ஓடுவது 'ஆர்ட்' என்கிற புது அல்காரிதம். அதற்கு முன் பல வருடம் அந்த இடத்தில் இருந்தது 'ரிகர்சிவ்'. எந்த செட்டிங்கையும் தொட வேண்டாம், கிட்டை அப்டேட் செய்தால் போதும். அதனாலேயே பாதிப் பேருக்கு இப்படி ஒரு மாற்றம் நடந்ததே தெரியாது. தினமும் மெர்ஜோடு மல்லுக்கட்டுகிற ஆள் என்பதால் எனக்குத் தெரிந்தது.

என் வேலை ஒரு பெரிய ஜாவா புராடக்ட்டில். பழைய பதிப்புகளை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் வாடிக்கையாளர்களுக்காக இரண்டு ரிலீஸ் பிராஞ்சுகள் உயிரோடு இருக்கின்றன. பிழைத்திருத்தம் முதலில் பழைய பிராஞ்சில் போகும், அங்கிருந்து மெயின் என்கிற முதன்மை பிராஞ்ச் வரை மேலே மெர்ஜ் ஆகும். இதற்கு நடுவே மெயினில் ஃபோல்டர்களையெல்லாம் கலைத்துப் புதிதாக அடுக்கிவிட்டார்கள். ஆக, நான் செய்யும் ஏறக்குறைய எல்லா மெர்ஜிலும் இடம் மாறிய ஃபைல்கள் உண்டு. ரிகர்சிவ் திணறிய இடமும் அதுதான்.

ஒரு ஃபைல் இடம் மாறியதைக் கிட் எங்கேயும் குறித்து வைப்பதில்லை. மெர்ஜ் நேரத்தில், ஒரு பக்கம் காணாமல் போன ஃபைல்களையும் புதிதாக முளைத்த ஃபைல்களையும் எடுத்து, உள்ளடக்கத்தை ஒப்பிட்டு, பாதிக்கு மேல் ஒத்துப்போனால் 'இதுதான் அது' என்று ஊகிக்கிறது. காணாமல் போனவை 1000, முளைத்தவை 1000 என்றால் 10 லட்சம் ஜோடி. அதனால் ஒரு உச்சவரம்பு வைத்திருந்தார்கள். அதைத் தாண்டினால் ஓர் எச்சரிக்கை வரியோடு கிட் ஊகிப்பதையே விட்டுவிடும். அப்புறம் திரை முழுக்க 'ஒரு பக்கம் அழித்தது, மறுபக்கம் திருத்தியது' என்று கான்ஃபிளிக்ட், அதாவது கிட்டால் தானாகத் தீர்க்க முடியாமல் நம்மிடம் விடுகிற மோதல். உண்மையில் யாரும் எதையும் அழிக்கவில்லை, ஃபோல்டர்தான் மாறியிருக்கிறது.

ஆர்ட்டை எழுதிய எலைஜா நியூரன் இந்த ஒப்பீட்டை வேகமாக்கியதைவிட, பெரும்பகுதியைச் செய்யாமலே தவிர்த்தார் என்பதுதான் எனக்குப் பிடித்தது. நாம் ஒரு ஃபைலை இடம் மாற்றியிருக்கிறோம், மறுபக்கத்தில் அதை யாரும் தொடவில்லை என்றால், அது எங்கே போனது என்று தேட வேண்டிய தேவையே பெரும்பாலும் இல்லை. ஃபோல்டர் மாறினாலும் ஃபைல் பெயர் மாறாததுதான் வழக்கம், எனவே அதே பெயருள்ளவற்றை முதலில் ஜோடி சேர்த்துப் பார்க்கலாம். ரீபேஸில், அதாவது நம் கமிட்டுகளை (சேமித்த மாற்றங்களை) வேறொரு பிராஞ்சின் நுனியில் ஒவ்வொன்றாகத் திரும்ப வைக்கும்போது, முதல் தடவை கண்டுபிடித்த இடமாற்றங்களை நினைவில் வைத்து அடுத்ததற்கும் பயன்படுத்தலாம். யோசித்தால் மூன்றும் சாதாரண விஷயங்கள். ஆனால் இடமாற்றம் மிகுந்த ஒரு கடினமான சோதனையில் ஒற்றை மெர்ஜ் 500 மடங்குக்கு மேல், ரீபேஸ் போன்ற தொடர் வேலை 9000 மடங்குக்கு மேல் வேகம் என்று கணக்கு வந்தது. என் வேலையில் 9000 எல்லாம் இல்லை. முன்பு ரீபேஸை ஓடவிட்டு மெயில் பார்க்கப் போவேன், இப்போது அதற்கு நேரம் கிடைப்பதில்லை, அவ்வளவுதான். உச்சவரம்பு எச்சரிக்கையைப் பார்த்தே ரொம்ப நாளாகிறது.

வேகம் ஒரு மாதத்தில் பழகிவிடும். நீண்ட காலத்தில் நான் அதிகம் மதிப்பது வேறொன்று. ரிகர்சிவ் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே நம் ஃபைல்களில் கைவைத்துவிடும். அடுப்பில் வெந்துகொண்டிருப்பதை அப்படியே இலையில் பரிமாறுகிற மாதிரி. ஆர்ட் முழுக் கணக்கையும் மெமரியில் முடித்துவிட்டுத்தான் ஃபைல்கள் பக்கம் வருகிறது. இந்தப் பிரிவினால் விளைந்தது கிட் 2.38-இல் வந்த புது 'மெர்ஜ்-ட்ரீ'. இரண்டு பிராஞ்சைக் கொடுத்தால், எதையும் செக்அவுட் செய்யாமல் (நம் ஃபோல்டரில் எடுத்து வைக்காமல்), சேர்த்தால் என்ன ஆகும் என்று சொல்லும். சுத்தமாகச் சேர்ந்தால் வெளியேறும் எண் 0, கான்ஃபிளிக்ட் என்றால் 1. கூடவே எந்தெந்த ஃபைல் என்ற பட்டியல்.

இதை வைத்து ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கிறேன். ராத்திரி ஓடும், திறந்திருக்கும் ஒவ்வொரு பிராஞ்சையும் மெயினோடு சேர்த்துப் பார்த்து, மோதுகிறவற்றை மட்டும் காலையில் டீம் சாட்டில் போடும். 'உங்க பிராஞ்ச் இன்னைக்கு மோத ஆரம்பிச்சிருக்கு' என்று முதல் நாளே தெரிந்தால் பத்து நிமிட வேலை. ரிலீஸுக்கு முந்தின நாள் தெரிந்தால் என்ன நடக்கும் என்று எழுத வேண்டியதில்லை.

சரி, குறைகள். புது இன்ஜின் வந்ததால் கான்ஃபிளிக்ட் குறைந்துவிடும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்தான். ஃபைலுக்குள் நடப்பது அதே பழைய மும்முனை ஒப்பீடு: பொது மூதாதை (இரண்டு பிராஞ்சும் பிரிவதற்கு முன் இருந்த வடிவம்), நம்முடையது, அவர்களுடையது, வரி வரியாக. அதற்கு ஜாவாவும் தெரியாது, தர்க்கமும் தெரியாது. மெயினில் ஒரு மெத்தடுக்கு மூன்றாவது பாராமீட்டர் சேர்க்கிறார்கள். பழைய பிராஞ்சில் வேறொரு ஃபைலில் அதே மெத்தடை இரண்டு பாராமீட்டரோடு புதிதாக அழைக்கிறார்கள். மெர்ஜ் அழகாக முடியும், பில்ட் உடையும். உடைந்தால் பரவாயில்லை, கம்பைலர் காட்டிக் கொடுத்துவிடும்.

காட்டிக் கொடுக்காத ஒன்று இருக்கிறது. ஒரே திருத்தத்தை இரண்டு பிராஞ்சிலும் போட்டு, பிறகு ஒன்றில் மட்டும் ரிவர்ட் செய்தால், அதாவது திரும்பப் பெற்றால்? ரிவர்ட் செய்த பக்கம் மூதாதையைப் போலவே இருக்கிறது, அதாவது அங்கே 'மாற்றமே இல்லை'. மறுபக்கத்தில் மாற்றம் இருக்கிறது. ஆகவே மெர்ஜ் முடிவில் திருத்தம் திரும்ப வந்து உட்கார்ந்துவிடும், ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல். கிட்டின் உதவிப் பக்கத்திலேயே இது சிலரைக் குழப்பும் என்று எழுதியிருக்கிறார்கள். நடுவே என்னென்ன நடந்தது என்று பார்க்காமல் மூன்று முனைகளை மட்டும் பார்க்கிற எந்த முறைக்கும் இது பொருந்தும், ஆர்ட்டை மட்டும் குறை சொல்ல முடியாது. எங்கள் டீமில் ரிவர்ட் கமிட் உள்ள பிராஞ்சை மேலே மெர்ஜ் செய்தால், அந்த வரிகளை மட்டும் ஓர் ஆள் கண்ணால் பார்க்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம்.

ஃபோல்டர் இடமாற்றத்தில் இன்னொரு நுணுக்கம். பழைய பிராஞ்சில், பழைய ஃபோல்டருக்குள் யாராவது புது ஃபைல் சேர்த்தால், 'அந்த ஃபோல்டரே இடம் மாறிவிட்டது, இதையும் அங்கே கொண்டுபோகலாமா' என்று கிட் கான்ஃபிளிக்டாக நிறுத்திக் கேட்கும். கேட்காமலே மாற்றும்படி செட் செய்யலாம். ஜாவாவில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஃபைல் புது ஃபோல்டருக்குப் போய்விடும், உள்ளே முதல் வரியில் பேக்கேஜ் பெயர் பழையதாகவே இருக்கும்.

கான்ஃபிளிக்டைக் காட்டும் விதத்தை மட்டும் எல்லோரும் மாற்றிக்கொள்ளலாம். இயல்பான முறையில் நம் பக்கம் 'மறுமுயற்சி 5' என்றும் அவர்கள் பக்கம் 'மறுமுயற்சி 3, காத்திருப்பு 60' என்றும் தெரியும். யார் எதை மாற்றினார்கள்? தெரியாது. 2.35-இல் வந்த 'இசட்-டிஃப்3' பாணியை வைத்தால் நடுவில் மூதாதையும் தெரியும்: 'மறுமுயற்சி 3, காத்திருப்பு 30'. நாம் 5 ஆக்கிக் காத்திருப்பை எடுத்துவிட்டோம், அவர்கள் காத்திருப்பை 60 ஆக்கினார்கள். இப்போது பேச வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: காத்திருப்பு வேண்டுமா வேண்டாமா.

அதிலும் ஒரு தலைவலி உண்டு. இரண்டு பிராஞ்சும் குறுக்கும் நெடுக்குமாக மெர்ஜ் ஆகியிருந்தால் பொது மூதாதை ஒன்றுக்கு மேல் இருக்கும். கிட் அவற்றையே முதலில் மெர்ஜ் செய்து ஒரு கற்பனை மூதாதையை உருவாக்கும். அந்த மெர்ஜிலும் மோதல் வந்தால், நடுப் பகுதிக்குள்ளேயே இன்னொரு செட் கான்ஃபிளிக்ட் குறிகள், 'டெம்பரரி மெர்ஜ் பிராஞ்ச் 1' என்ற பெயரோடு. முதல் தடவை பார்க்கிற ஜூனியர் பயந்துவிடுவார். ரிகர்சிவிலும் இது இருந்தது, ஆர்ட்டும் இதை விட்டுவிடவில்லை.

திரும்பிப் போக வழி உண்டா என்று கேட்பவர்களுக்கு: 2025 ஜூனில் வந்த 2.50-இல் பழைய இன்ஜினையே நீக்கிவிட்டார்கள். ரிகர்சிவ் என்று கேட்டாலும் ஓடுவது ஆர்ட்தான். எனக்கு அதில் வருத்தமில்லை.

சில காலமாக இதன் மேல் மெர்ஜிராஃப் என்ற கருவியையும் மெர்ஜ் டிரைவராக (ஃபைலுக்குள் நடக்கும் மெர்ஜைக் கிட் ஒப்படைக்கிற நிரலாக) போட்டிருக்கிறேன். வரி வரியான மெர்ஜ் மோதினால் மட்டும், அது நிரலின் இலக்கண மரத்தை எடுத்துப் பார்க்கும். இரண்டு பேர் ஒரே இடத்தில் வெவ்வேறு இம்போர்ட் வரி சேர்த்ததற்கெல்லாம் இனி என்னைக் கூப்பிடுவதில்லை. ஜாவா ஃபைல்களுக்கு மட்டும், அதுவும் என் லேப்டாப்பில் மட்டும். டீம் முழுக்கப் போடலாமா என்று பேச்சு இருக்கிறது. அது தானாகத் தீர்த்ததை ரிவ்யூவில் யார் பார்ப்பது என்பதில்தான் இன்னும் ஒத்துவரவில்லை.