வாஸ்து அட்டவணையில் நிறம் சரி, ஃபினிஷ் பாதி சரி: ஒரு பெயிண்ட் கடை ஆலோசனை பற்றி

கும்பகோணத்தில் எங்கள் வீடு வடக்குப் பார்த்தது. பழைய பெயிண்டைச் சுரண்டிப் பட்டி பார்த்து வீடு முழுக்க அடிக்கலாம் என்று முடிவானதும், ஊரில் ஒரு பெயிண்ட் ஷோரூமில் தரும் வாஸ்து ஆலோசனையைக் கேட்டோம். பெயிண்டை அங்கேயே வாங்கினால் ஆலோசனைக்குத் தனியாகப் பணம் கிடையாது. ஆள் வீட்டுக்கே வந்து, திசை பார்த்து, எந்த அறைக்கு என்ன நிறம், எந்த ஃபினிஷ், அதாவது பளபளப்பில்லாத மேட்டா, லேசாக மினுங்கும் சாட்டினா, நன்றாகப் பளபளக்கும் ஹை ஷீனா என்று எழுதிக் கொடுப்பார்கள். நிறத்துக்கு நான் முழு மார்க் போடுவேன். ஃபினிஷுக்குப் பாதிதான். இதே மாதிரி அட்டவணை இப்போது பல கடைகளில் இருப்பதால், ஏன் பாதி என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வந்த பெண் அவசரப்படவில்லை. செல்போன் காம்பஸை ஹாலின் நடுவில் வைத்துப் பார்த்தார். பீரோ பக்கத்திலும் ஜன்னல் கம்பி பக்கத்திலும் வைத்தால் இரும்பு இழுத்துத் திசை மாறிக் காட்டும் என்று அவரே சொல்லி, வாசலுக்கு வெளியே வந்து இன்னொரு தடவை சரிபார்த்தார். காந்த வடக்குக்கும் நிஜ வடக்குக்கும் நம் பக்கம் ஓரிரு டிகிரிதான் வித்தியாசம்; அறைகளைத் திசை பிரிக்க அந்தக் கணக்கு போதும். அம்மாவிடம் "பாட்டி, நீங்க படுக்கிற ரூம் எது?" என்று கேட்டு உட்கார்ந்து பேசினார். அம்மாவுக்கு அதிலேயே மனசு நிறைந்துவிட்டது.

ஈசான்யத்துக்கு (வடகிழக்கு) வெள்ளை கலந்த இளமஞ்சள், அக்னி மூலைக்கு (தென்கிழக்கு) இளம் ஆரஞ்சு, கன்னி மூலைக்கு (தென்மேற்கு) மண் நிறம், வாயு மூலைக்கு (வடமேற்கு) சாம்பல் தட்டிய வெள்ளை, வடக்கு ஹாலுக்குக் குபேரனுக்கென்று இளம்பச்சை. எனக்கு வாஸ்துவில் நம்பிக்கை உண்டு. அது ஒரு பக்கம் இருக்க, போட்டோ ஸ்டுடியோ நடத்துகிறவன் கண்ணோடு பார்த்தாலும் இந்த நிறங்களில் குறை சொல்ல எதுவும் இல்லை. எல்லாமே அறையை மங்கலாக்காத, கண்ணை உறுத்தாத நிறங்கள்.

ஃபினிஷ் கதை வேறு. பழைய வாஸ்து முறைகள் உருவான காலத்தில் சுவருக்குச் சுண்ணாம்புதான். செட்டிநாட்டு வீடுகளில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சைக் கண்ணாடி மாதிரி தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள் என்பது உண்மை. ஆனால் எமல்ஷனில் (தண்ணீரில் கலக்கும் சுவர்ப் பெயிண்டில்) சாட்டின், ஹை ஷீன் என்ற பிரிவெல்லாம் நம் காலத்து விஷயம். ஆகவே அட்டவணையில் அந்தப் பத்தி சாஸ்திரம் சொன்னதாக இருக்க முடியாது. கடைக்காரர் சேர்த்தது. அதை வெளிச்சத்தையும் ஈரத்தையும் வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

பளபளப்பை 60 டிகிரி கோணத்தில் மீட்டர் வைத்து அளப்பார்கள். மேட் என்றால் மீட்டர் 5க்குள் காட்டும், சாட்டின் 20இலிருந்து 35, முழுப் பளபளப்பான கிளாஸ் (gloss) 70க்கு மேல். பிசின் கூடுதலாகவும் நிறமித் தூள் குறைவாகவும் இருந்தால் மேல்பரப்பு வழவழப்பாகி வெளிச்சத்தை ஒரே பக்கமாகத் திருப்பும். மேட்டில் தூள் துருத்திக்கொண்டு நிற்பதால் வெளிச்சம் சிதறிவிடும். கிளாஸி பேப்பரில் போட்ட போட்டோவைச் சாய்த்துப் பிடித்தால் முகம் தெரியாமல் டியூப்லைட் தெரிகிறதே, அதேதான் சுவரிலும் நடக்கிறது.

அட்டவணை வடக்கு ஹாலுக்கு ஹை ஷீன் போட்டிருந்தது. காரணம்: 'வடக்கில் நேர் வெயில் வராது, பளபளப்பு இருந்தால் வெளிச்சம் கூடும்.' டெல்லியில் நடுப்பகலுக்காவது இது சரியாக இருக்கும். அங்கே உச்சி வெயில் வருஷம் முழுக்கத் தெற்கில்தான். கும்பகோணம் இருப்பது சுமார் 11 டிகிரி வடக்கில். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரை நமக்கு உச்சிச் சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்து நிற்கிறது. ஆனி மாதத்தில் உதயமும் அஸ்தமனமும்கூட நன்றாக வடக்கே தள்ளிப்போய்விடும். வடக்கு ஜன்னல் வழியாகக் காலையிலும் சாயங்காலமும் வெயில் சரிவாக உள்ளே வரும்.

அட்டவணையில் இன்னொரு பெரிய குழப்பம், அறையையும் சுவரையும் ஒன்றாக நினைத்துக்கொண்டது. வடக்கு ஜன்னல் இருக்கிற சுவரில் அந்த ஜன்னலின் வெளிச்சமே விழாது. எதிரில் இருக்கும் தெற்குச் சுவரில் நேராக விழும். பக்கத்துச் சுவர்கள் இரண்டிலும் உரசிக்கொண்டு போகும். அந்த உரசல் வெளிச்சம்தான் பட்டியின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும், ரோலர் தடத்தையும், ஒயரிங்குக்கு உடைத்துப் பூசின கோட்டையும் காட்டிக்கொடுக்கும். முகத்துச் சுருக்கத்தை எடுத்துக்காட்ட நாங்கள் ஸ்டுடியோவில் லைட்டைப் பக்கவாட்டில் வைப்பது இதற்காகத்தான். ஜன்னலை ஒட்டிய பக்கச் சுவர்களில் ஹை ஷீன் வேண்டவே வேண்டாம், அது எந்தத் திசையாக இருந்தாலும். ஹாலுக்கு நாங்கள் அதே இளம்பச்சையை மேட்டில் எடுத்தோம். அம்மாவின் குபேரனுக்கும் குறைவில்லை, என் கண்ணுக்கும் நிம்மதி.

ஈசான்ய மூலைதான் நான் அதிகம் யோசித்த இடம். பூஜை அறை உள்ளே, சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) வெளியே. வாஸ்துவே தண்ணீரை அந்த மூலையில் வைக்கச் சொல்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையும் வடகிழக்குக் காற்றோடு அடித்து அந்தச் சுவரைத்தான் நனைக்கும். ஆக, வீட்டிலேயே ஓதம் ஏறச் சாத்தியம் அதிகமுள்ள சுவர் இது. அதற்கு அட்டவணை எழுதியிருந்தது, 'தெய்வீக ஒளிக்கு கிளாஸ் எனாமல்.' எண்ணெய் சேர்ந்த எனாமல் படலம் ஈரத்தை வெளியே விடாது. உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் உப்பைத் தள்ளிக்கொண்டு வரும், பெயிண்ட் கொப்பளித்து உரியும். அதற்காக முழு மேட்டும் சரிப்படாது. தினமும் விளக்கேற்றும் சுவரில் கரி படியும், துடைக்கத் துடைக்க மேட்டில் அந்த இடம் மட்டும் திட்டாகத் தெரியும். வெளிப்பக்கம் சம்ப்பை ஒட்டிய சுவரில் ஓதத்துக்கான வேலையை முதலில் முடித்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு, தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் சாட்டின் அடித்தோம். விளக்குக்கு நேர் பின்னால் மட்டும் டைல்ஸ். அந்த ஈரத்தைப் பற்றி ஆலோசனைக்கு வந்தவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தச் சேவையில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்த குறை இதுதான். எந்த வீட்டுக்குப் போனாலும் ஈசான்யச் சுவரில் கை வைத்துப் பார்க்காமல் ஃபினிஷ் எழுதக் கூடாது.

அக்னி மூலைச் சமையலறைக்கு அட்டவணை சொன்ன சாட்டின் சரியான தேர்வு. தாளிக்கிற எண்ணெயும் மஞ்சள்பொடியும் மேட்டில் பட்டால் ஊறிப்போய்க் கறை நின்றுவிடும். சாட்டினில் உடனே ஈரத்துணியால் துடைத்தால் போகிறது. கன்னி மூலைப் படுக்கையறைக்கு மேட் என்று எழுதியிருந்ததும் நல்ல யோசனை. மேற்கு ஜன்னல் வழியாகச் சாயங்கால வெயில் படுத்த வாக்கில் வந்து தெற்குச் சுவரை உரசும் அறை அது. மண் நிற மேட்டில் அந்த வெயில் அமைதியாக உட்காருகிறது. வாயு மூலையில் பையன் அறை. கைப்படும் உயரம் வரை சாட்டின், மேலே மேட். அவ்வளவுதான்.

எங்கள் பெயிண்டர் அண்ணன் ஒன்று சொன்னார், அது அட்டவணையில் இல்லை. "மேட்ல கீறல் விழுந்தா அந்த இடத்த மட்டும் டச்-அப் பண்ணிடலாம் சார். ஷீன்ல பண்ணினா திட்டுத்திட்டா தெரியும், முழுச் சுவரையும் அடிக்கணும்." வாடகைக்கு விடும் வீட்டுக்கு இது முக்கியமான கணக்கு. அவர் யோசனைப்படி ஒவ்வொரு சுவரிலும் இரண்டடிக்கு இரண்டடி அடித்து, காலை, சாயங்காலம், இரவு டியூப்லைட் என்று மூன்று வெளிச்சத்திலும் பார்த்த பிறகே டின் எடுத்தோம்.

எஸ்டிமேட்டை மாற்றச் சொன்னபோது கடையில் முதலில் தயங்கினார்கள். ஹை ஷீன் விலை கூடுதல் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். காரணத்தை விளக்கியதும் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள், டெலிவரியும் சொன்ன நாளில் வந்தது. நீங்கள் போனால் நிறத்தையும் ஃபினிஷையும் தனித்தனிப் பத்தியாக எழுதித் தரச் சொல்லுங்கள், ஓதம் இருக்கும் சுவரை முன்கூட்டியே காட்டுங்கள். டின்கள் வந்ததும் பேட்ச் நம்பரைப் பாருங்கள். வேறுபட்டால் ஒரே அறைக்கு வேண்டிய பெயிண்டையெல்லாம் பெரிய வாளியில் ஒன்றாகக் கலக்கிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். மேட்டில்கூட இரண்டு பேட்ச் சேரும் இடம் தெரியும்.