ஆழ்கடல் விசைப்படகில் ஏ.ஐ.எஸ். கருவி: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

குமரி மாவட்டத் தூத்தூர்ப் பகுதியிலிருந்து ஆழ்கடல் தூண்டில் தொழிலுக்குச் செல்லும் எங்கள் விசைப்படகில் ஏ.ஐ.எஸ். (தானியங்கி அடையாள அமைப்பு) கருவியைப் பொருத்திச் சில ஆண்டுகள் ஆகின்றன. கப்பல்கள் தம் பெயர், இடம், வேகம், திசை ஆகியவற்றை வி.எச்.எஃப். வானொலி அலைவரிசையில் இடைவிடாமல் அறிவிக்கின்றன. அவற்றை வாங்கி வரைபடத்தின் மேல் காட்டுவதும், நம் இருப்பை அவர்களுக்கு அறிவிப்பதும் இக்கருவியின் வேலை. வாங்குவோர் பலர் கப்பலைத் திரையில் பார்ப்பதோடு நிறைவடைந்து விடுகிறார்கள். நாம் அவர்கள் திரையில் தெரிகிறோமா என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி என்பது என் கருத்து.

2018 ஆகஸ்டில் கேரளத்தின் முனம்பத்துக்கு அப்பால் ‘ஓஷியானிக்’ படகும், 2021 ஏப்ரலில் மங்களூருக்கு அப்பால் ‘ரபா’ படகும் கப்பலில் மோதுண்டு மூழ்கின; இரண்டிலும் தமிழகத் தொழிலாளர்கள் இருந்தார்கள். தென்மேற்குக் கடலில் சரக்குக் கப்பல்களும் மீன்பிடிப் படகுகளும் விலகிச் செல்வதற்கென மத்திய அரசு வகுத்த பாதைகள் 2020 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையில் உள்ளன. அக்கோடுகளை எங்கள் வரைபடக் கருவியில் ஏற்றி வைத்திருக்கிறோம், ஆனால் மீன்கள் கோட்டைப் பார்த்து நீந்துவதில்லை என்பதால் பாதையைக் குறுக்கே கடக்கும் தேவை அடிக்கடி ஏற்படுகிறது.

கப்பல்களைக் காண்பதில் குறை சொல்ல எதுவுமில்லை. பன்னாட்டுப் பயணம் செய்யும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் அனைத்தும் ஏ.ஐ.எஸ். வைத்திருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. அவற்றின் கருவி 12.5 வாட் திறனுடன், ஓடும்போது 2 முதல் 10 வினாடிக்கு ஒருமுறை செய்தி அனுப்புகிறது. ஆன்டெனாவும் உயரத்தில் இருப்பதால் ஏறத்தாழ 20 கடல் மைலுக்கு அப்பாலேயே தெரிந்து விடுகின்றன. ஒரு கடல் மைலுக்குள் எந்தக் கப்பல் எத்தனை நிமிடத்தில் நெருங்கும் என்பதைக் கணக்கிட்டு ஒலியெழுப்பும் வசதியை இருபது நிமிடத்துக்கு அமைத்திருக்கிறோம். எனினும் நான் மிகவும் மதிப்பது திரையில் தெரியும் கப்பலின் பெயரைத்தான். எல்லோரும் கேட்கும் வானொலி அழைப்புத் தடமான சேனல் 16-இல் பொதுவாகக் கூப்பிட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பெயர் சொல்லி அழைத்தால் பெரும்பாலும் உடனே பதில் வருகிறது, சில நிமிடங்களில் கப்பல் திசை மாறுவதையும் திரையிலேயே காண முடிகிறது.

நாம் அனுப்பும் செய்தியில்தான் சிக்கல். சிறு படகுகளுக்கான ‘கிளாஸ் பி’ வகையில் எங்களிடம் உள்ள கருவியின் திறன் 2 வாட் மட்டுமே. படகு 2 நாட் (மணிக்கு 2 கடல் மைல்) வேகத்துக்கு மேல் ஓடினால் 30 வினாடிக்கு ஒருமுறை இடத்தை அறிவிக்கும். அதற்குக் கீழே போனால் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறைதான். தூண்டிலை விட்டுவிட்டு மிதந்து கிடக்கும் இரவில், அதாவது விலகி ஓட இயலாத அந்த நேரத்தில்தான், நம் குரல் மிகவும் தளர்ந்து போகிறது. 15 நாட் வேகத்தில் வரும் கப்பல் அந்த மூன்று நிமிடத்தில் முக்கால் கடல் மைலைக் கடந்து விடும். மேலும், மீன்பிடிப் படகு என்னும் வகையைச் சொல்லும் இக்கருவி, இப்போது தொழிலில் இருக்கிறோம், தூண்டில் நீரில் கிடக்கிறது என்பதைச் சொல்லாது. அதைச் சொல்வது கொடிக்கம்பத்தில் வெள்ளை விளக்குக்கு மேலே எரியும் சிவப்பு விளக்குதான்; கருவி வந்த பிறகும் அந்த விளக்கையும் இரவுக் காவலையும் நாங்கள் குறைக்கவில்லை. சில படகுகள் வலை மிதவைகளில் மலிவான ஏ.ஐ.எஸ். பொருத்துவது இன்னொரு தொல்லை. மிதவையும் கப்பல் போலத் திரையில் தோன்றுகிறது. அத்தகைய குறிகள் பெருகினால் கப்பல்காரர்கள் சிறு குறிகளையே மறைத்து வைத்துவிடக்கூடும்.

ஒக்கிப் புயலுக்குப் பிந்தைய ஆண்டுகளில் அரசு வழங்கிய, இஸ்ரோ உருவாக்கிய செயற்கைக்கோள் டிரான்ஸ்பாண்டரை இதனுடன் குழப்பிக்கொள்வோர் எங்கள் பகுதியில் நிறைய இருக்கிறார்கள். அது படகின் இடத்தைக் கரையிலுள்ள மையத்துக்கு அனுப்பும், ஆபத்துச் செய்தியைக் கொண்டு செல்லும், புயல் எச்சரிக்கையைக் கைப்பேசிக்குத் தரும்; கரையைத் தொட முடியாத தொலைவில் அதற்கு இணையில்லை. ஆனால் எதிரே வரும் கப்பலின் திரையில் அதனால் நாம் தெரிய மாட்டோம். இரண்டுமே வேண்டும்.

வரைபடத்தைப் பற்றி ஒரு சொல். 2014 நவம்பரில் ‘வெஸ்டாஸ் விண்ட்’ என்னும் பந்தயப் பாய்மரக்கலம், மொரீஷியசுக்கு வடக்கே கார்கடோஸ் கரஹோஸ் பவளத்திட்டில் ஏறி நின்றது. மின்னணு வரைபடத்தைப் போதிய அளவு பெரிதாக்கிப் பார்க்காததால் திட்டு கண்ணில் படாமல் போனது. திரையைச் சிறிதாக்கினால் ஆழக்குறிகள் மறையும் என்பது எல்லா வரைபடக் கருவிக்கும் பொருந்துவதால், புதிய பாதையில் இறங்கும் முன் முழுப் பாதையையும் பெரிதாக்கி நகர்த்திப் பார்ப்பது எங்கள் படகில் ஸ்ராங்கின், அதாவது படகோட்டியின், கடமை. பார் (கடலடிப் பாறைத்திட்டு) இருக்கும் இடங்களில் விற்பனை வரைபடத்தைவிட நாங்களே பதிந்து வைத்த புள்ளிகள் துல்லியமானவை.

வீட்டிலுள்ளோர் ஏ.ஐ.எஸ். குறிகளைக் காட்டும் கைப்பேசிச் செயலியில் படகைத் தேடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அந்தப் படம் நம் செய்தி கரையோர ஏற்பிகளுக்கு எட்டும் வரையே உண்மை. அதற்கு அப்பால் பழைய இடத்திலேயே நிற்கும் அல்லது மறைந்து போகும். படகு மறைந்தால் பதறக் கூடாது என்பதைப் புறப்படுவதற்கு முன்பே அவர்களிடம் சொல்லி விடுகிறோம். அதே காரணத்தால் அச்செயலியை நம்பி இரவில் படகு ஓட்டுவதும் கூடாது. புதிதாக வாங்குவோர் கிளாஸ் பி-யிலேயே 5 வாட் வகையைக் கேட்டு வாங்குவது நல்லது, ஆன்டெனாவை இயன்ற உயரத்தில் கட்டி, உப்பேறும் கேபிள் இணைப்புகளை ஒவ்வொரு முறை கரை சேரும்போதும் பார்த்துக்கொள்ள வேண்டும்.