தவக்கால செபச் செயலி: நோன்புக்கு எதற்குப் பதக்கம்?

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான இந்தத் தவக்காலத்தில் செபத்துக்கென்றே ஒரு செயலியைப் போனில் ஏற்றிப் பயன்படுத்தினேன். குறையும் சொல்லப்போகிறேன் என்பதால் பெயர் வேண்டாம். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம், அந்த மூன்றும் இரவில் வரும் ஆன்மச் சோதனைக்கு, அதாவது அன்றைய தவறுகளைத் திரும்பிப் பார்ப்பதற்கு மட்டும்தான்.

இரவு ஒன்பதரைக்கு ஒரே ஒரு கேள்வி வரும்: இன்று என்ன தவறு செய்தீர்கள்? முதல் நாள் "கொஞ்சம் கோபப்பட்டேன்" என்று எழுதினேன். யார் மேல் என்று கேட்டது. "வீட்டில்" என்றேன். வீட்டில் யார் மேல், என்ன சொன்னீர்கள்? எரிச்சலாகிப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். இத்தனை வருடமாகக் குருவிடம் பாவங்களை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில் கோபம், பொறாமை, பொய் என்று மளிகைப் பட்டியல் மாதிரி ஒப்பித்துவிட்டு எழுந்து வந்து பழகியவனுக்கு இது புதுசு. மூன்றாம் இரவுதான் அக்காவிடம் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை அப்படியே தட்டினேன். எழுத்தில் பார்த்ததும் கூசிப்போனது.

வாசகத் தேர்வும் நன்றாக இருந்தது. பைபிளில் வரும் அரசர்கள் சவுலையும் தாவீதையும் அடுத்தடுத்த நாளில் வைத்திருந்தார்கள். இரண்டு பேரும் "பாவம் செய்தேன்" என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் சவுல் முதலில் மக்கள் மேல் பழியைப் போடுகிறார், ஒத்துக்கொண்ட பிறகும் பெரியவர்கள் முன்னால் என் மதிப்பைக் காப்பாற்றும் என்று இறைவாக்கினர் சாமுவேலிடம் கெஞ்சுகிறார். இறைவாக்கினர் நாத்தான் வந்து, தவறு செய்தது "நீரே அந்த மனிதன்" என்றதும் தாவீது சொல்வது ஒரே வரி, சாக்குப்போக்கு கிடையாது. மறுநாள், தாவீது மனம் வருந்திப் பாடியதாகச் சொல்லப்படும் 51ஆம் திருப்பாடல், ஒவ்வொரு வசனத்துக்கும் பிறகு கொஞ்சம் மௌனம் விட்டு வாசிக்கிறார்கள்.

சரி, குறைக்கு வருகிறேன். தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனுக்கான நற்செய்தி மத்தேயு 6, நோன்பிருப்பது பிறருக்குத் தெரியாதபடி தலைக்கு எண்ணெய் தடவி முகத்தைக் கழுவிக்கொள் என்கிற பகுதி. அதற்கு நேர் கீழே "நான் நோன்பைத் தொடங்கிவிட்டேன்" என்று ஊருக்கெல்லாம் பகிர ஒரு பட்டன்! ஏழு நாள் விடாமல் செபித்தால் பதக்கம், நண்பர்கள் எத்தனை நாள் செபித்தார்கள் என்ற பட்டியல் வேறு. 12ஆம் நாள் அதைத் திறந்து "அவனுக்கு 9தானா" என்று உள்ளுக்குள் சிரித்தேன், பொய் சொல்வானேன். இயேசு சொன்ன உவமையில், வாரத்துக்கு இரண்டு முறை நோன்பு, வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு என்று கடவுளிடமே கணக்கு ஒப்புவித்த பரிசேயர் இந்தச் செயலியில் முதலிடத்தில் இருந்திருப்பார். அதே உவமையில் தன்னைப் பாவி என்று தூரத்தில் நின்று மார்பில் அடித்துக்கொண்ட வரிதண்டுபவருக்கு ஒரு பதக்கமும் தேறியிருக்காது.

இன்னொன்று, தவக்காலத்தின் 40 நாளில் ஞாயிற்றுக்கிழமைகள் சேராது என்பதே செய்தவர்களுக்குத் தெரியவில்லை போல. ஞாயிறையும் சேர்த்து எண்ணியதால் ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறான குருத்து ஞாயிறு அன்றே "வாழ்த்துகள், முடித்துவிட்டீர்கள்" என்று வந்துவிட்டது. புனித வாரம் முழுக்க ஒரு கேள்வியும் இல்லை. வேறு வழியில்லாமல் பழைய பக்கங்களைப் புரட்டினேன், மூன்றாம் இரவில் எழுதியது கண்ணில் பட்டது, அக்காவுக்குப் போன் செய்தேன். "அடுப்பில் வேலையாக இருக்கிறேன், அப்புறம் கூப்பிடு" என்று வைத்துவிட்டாள். மறுநாள் திரும்பக் கூப்பிட்டேன்.

பதக்கம், பட்டியல் இரண்டையும் நிறுத்த வழி இருக்கிறது, அமைப்புகளுக்குள் நாலு பக்கம் தாண்டித் தேட வேண்டும். ஏற்றுகிறவர்கள் முதல் நாளே நிறுத்திவிடுங்கள்.