சுண்டிக்குளத்தில் பூநாரை பார்த்த கதை

நல்லூர்த் திருவிழாவுக்கென்று கோடையில் ஊருக்கு வருகிறவர்களுக்குச் சுண்டிக்குளம் வாய்ப்பதில்லை. இலங்கையின் வடக்கில், மாரி மழையோடு வெளிநாட்டுப் பறவைகள் வந்திறங்கும் கடலோரக் களப்பு (உப்பங்கழி) அது. அதனால்தான் இம்முறை பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் இரண்டு கிழமை விடுப்புக் கேட்டு, ரொறன்ரோவிலிருந்து தை மாதத்தில் வந்தோம்.

யாழ்ப்பாண நகரில் ஒரு சுற்றுலா நிறுவனத்துக்கு வான், வழிகாட்டி, பைனாகுலர் மூன்றுக்கும் சேர்த்து முன்கூட்டியே பணம் அனுப்பியிருந்தேன். காலை 5 மணிக்கு வரவேண்டிய வான் 7 மணிக்குப் பிறகே வந்தது. வழிகாட்டியும் இல்லை, பைனாகுலரும் இல்லை. சாரதித் தம்பி நல்ல பிள்ளைதான். ஆனால் அந்தப் பக்கம் அவர் போனதே இல்லை. பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு விடியற்காலைதான் முக்கியம். அது கைவிட்டுப் போனது எனக்கு மிகவும் வலித்தது.

ஏ9 வீதியிலிருந்து பிரிந்து மருதங்கேணி, அங்கிருந்து கடலோரமாக உடுத்துறை. 2004 சுனாமியில் இறந்தவர்களின் நினைவிடத்தில் இறங்கிக் கும்பிட்டோம். கட்டைக்காடு தாண்டியதும் வான் மணலில் புதைந்தது. கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டு ஓடிவந்து தள்ளினார்கள். அவர்களில் ஒரு முதியவர் தானாகவே எங்களோடு ஏறிக்கொண்டார். எங்களுக்கு வாய்த்த வழிகாட்டி அவர்தான்.

“பிள்ளை, இதற்கு மேல் கிட்டப் போக வேண்டாம், எல்லாம் எழும்பிவிடும்” என்று ஒரு பற்றையின் பின்னால் எங்களை இருத்தினார். களப்பின் நடுவில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக ஒரு நீண்ட கோடு. அத்தனையும் பூநாரைகள்! தலையைக் கவிழ்த்து, அலகால் நீரை அரித்து மேய்ந்துகொண்டிருந்தன. சில ஏன் சாம்பல் நிறம் என்று மகள் கேட்டாள். “அவை குஞ்சுகள், மகள். தின்னத் தின்னத்தான் நிறம் ஏறும்” என்றார் ஐயா. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தால் கனகராயன் ஆறு வழியே தண்ணீர் இங்கே வந்து சேரும், ஆழம் கூடினால் பூநாரை நிற்காது, வேறிடம் போய்விடும் என்றும் விளக்கினார். நான் பணம் கட்டிய வழிகாட்டி வந்திருந்தாலும் இவ்வளவு சொல்லியிருப்பாரா தெரியாது.

மலசலகூடம் எங்கள் கண்ணில் படவில்லை. ஐயாவின் வீட்டுக்குத்தான் போனோம். அவருடைய மனைவி எங்களுக்குத் தேநீரும் தந்தார்.

1938இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம் இது. இங்கே வழிகாட்டும் வேலையும் அதற்கான கூலியும் இந்தக் கரையோர மக்களுக்கே சேர வேண்டும். நகரத்தில் பதிவு செய்யாதீர்கள். உயரமான வாகனம் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு, ஊருக்குள் போய்க் கேளுங்கள். குடிதண்ணீர் கொண்டு போங்கள்.

அன்று பின்னேரமே வழிகாட்டிக்குக் கட்டிய பணத்தை அந்த நிறுவனத்திடம் கேட்டு வாங்கினேன். மறுநாள் 3 மணிக்கே மகள் எல்லோரையும் எழுப்பிவிட்டாள். அந்தப் பணத்தை ஐயாவின் கையில் கொடுத்தோம். கிழக்கு வெளுத்தபோது அதே பற்றையடியில் இருந்தோம்.