பித்தளையா, வெள்ளி முலாமா? பழைய மெழுகுவத்தித் தாங்கியை வாங்கும்போது

சிங்கப்பூரின் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலையில் மூடப்படுவதற்கு முன்பு அங்கே வாங்கிய இரண்டு மெழுகுவத்தித் தாங்கிகள் எங்கள் வீட்டில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்று பித்தளை, மற்றது வெள்ளி முலாம். இரண்டும் இங்கிலாந்து வேலை. இவற்றில் எதை நம்பி வாங்கலாம் என்று கேட்டால் நான் பித்தளைப் பக்கம்தான்.

பித்தளை தன் வயதைத் தானே காட்டிவிடும். 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் பட்டறைகளில் தண்டை உள்ளே பொள்ளலாக, இரண்டு பாதிகளாக வார்த்து, நெடுக்காகப் பற்றவைத்தார்கள். தண்டின் மேல் வாயால் ஊதிப் பாருங்கள். ஆவி படிந்ததும் மேலிருந்து கீழாக மயிரிழை போல ஒரு கோடு தெரியும், எதிர்ப்பக்கம் இன்னொன்று. பின்னாளில் தண்டை ஒரே வார்ப்பாகவே செய்யத் தொடங்கினார்கள், கோடு மறைந்தது. விக்டோரியா காலத்துத் தாங்கிகள் பலவற்றில் அடியில் ஒரு கம்பி இருக்கும், கட்டையாகிப்போன மெழுகுவத்தியை மேலே தள்ளுவதற்கு. என்னுடையது இந்த ரகம். கம்பியைப் புதுப் போலிகளிலும் வைக்கிறார்கள் என்பதால் அதை மட்டும் நம்பவேண்டாம். திருப்பி அடியைப் பாருங்கள்: கடைசல் வளையங்களும், மேசையில் தேய்ந்து மழுங்கிய விளிம்பும் இருந்தால் நல்லது. மணல் மணலாகச் சொரசொரப்பாக இருந்து, பழுப்புச் சாயமும் பூசியிருந்தால் யோசியுங்கள். காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு.

வெள்ளி முலாம் இவ்வளவு நேர்மையாகப் பேசாது. செம்பின் மேல் வெள்ளியைச் சேர்த்துத் தகடாக்கும் ஷெஃபீல்ட் முறை 1740களில் வந்தது. மின்சாரத்தால் வெள்ளி பூசும் மின்முலாமுக்கு எல்கிங்டன் நிறுவனம் காப்புரிமை பெற்றது 1840இல். அடியில் இ.பி.என்.எஸ். (EPNS) என்ற எழுத்துகள் இருந்தால் அது நிக்கல் கலந்த உலோகத்தின் மேல் பூசிய மின்முலாம். விளிம்பில் செம்பு சிவந்து தெரிகிறதே, இது பழைய ஷெஃபீல்ட்தான் என்று கடைக்காரர் காட்டுவார். ஆனால் செம்பின் மேல் மின்முலாம் பூசியதும் தேய்ந்தால் அப்படித்தான் சிவக்கும். கனமும் ஏமாற்றும், அடிப்பாகத்தில் தாரோ பிளாஸ்டரோ அடைத்திருப்பார்கள். மறுமுலாம் பூசிவிட்டால் தடயமே போய்விடும்.

சரி, வீட்டுக்கு வந்த பிறகு? பித்தளைத் தாங்கியை அம்மா முதல் வெள்ளிக்கிழமையே குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் துலக்கிவிட்டார். இடுக்குகளில் இருந்த பழங்கறுப்பு முழுக்கப் போய்விட்டது. அடிப்பக்கத்தை மட்டும் தேய்க்காமல் விட்டிருந்தார். யாராவது வயதைக் கேட்டால் அதைத்தான் திருப்பிக் காட்டுகிறேன்.