வீல் நட்டுல 18,000 போச்சு, டயர் மாத்தப் போறவங்க இதைப் படிச்சுட்டுப் போங்க

கை நடுக்கம் இன்னும் அடங்கல. அதோடதான் எழுதுறேன், எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்குங்க.

நாலு டயரும் புதுசா மாத்தக் கொடுத்தேன். கடைப் பேர் வேண்டாம். டயர் வித்து, அலைன்மென்ட்டும் பார்க்கிற கடை. தரை பளபளன்னு இருந்துச்சு, உக்கார ஏசி ரூம் வேற. அந்தத் தரையைப் பார்த்துத்தான் நம்பினேன்னு நினைக்கிறேன். வண்டி ஜாக்கியில தொங்கும்போதே பையன் காத்துல ஓடுற நட்டு முடுக்கி, அந்த ஏர் கன்னை வச்சு டர்ர்ர்னு ஒரு நட்டு, உடனே பக்கத்து நட்டு, அப்படியே வட்டமா சுத்தி வந்துட்டான். "தம்பி, டார்க் ரெஞ்ச் வச்சு ஒருதடவை பார்த்துடலாமா?"ன்னேன். எவ்வளவு இறுக்குறோம்னு அளவு காட்டுற ஸ்பேனர் அது. அவன் ஓனர் முகத்தைப் பார்த்தான். ஓனர் சிரிச்சார். "சார், கன்ல போட்டது சார். நீங்களே நினைச்சாலும் கழட்ட முடியாது." அந்தச் சிரிப்புக்குக் கூசிப்போய் வாயை மூடிக்கிட்டேன் பாருங்க, அதுக்குத்தான் இந்த 18,000.

மூணாம் நாள், 60 கிலோமீட்டர் வேகத்துல போறேன், முன்பக்கம் டக் டக்னு சத்தம். டயர்ல கல்லு சிக்கியிருக்கும்னு விட்டுட்டேன். கொஞ்ச தூரத்துல ஸ்டீயரிங் ஆட ஆரம்பிச்சுது. ஓரங்கட்டிப் பார்த்தா அஞ்சு நட்டுல ஒண்ணைக் காணோம், இன்னொண்ணு ஸ்டட்டோட (நட்டு ஏறுற மரைக்கம்பி) முறிஞ்சு போயிருக்கு. மூணாவதை ரெண்டு விரலால சுத்தினேன், சுத்துது! ரிம்முல வட்டமா இருக்க வேண்டிய ஓட்டை முட்டை மாதிரி நீண்டு, ஓரமெல்லாம் அலுமினியத் தூள். பின் சீட்ல பிள்ளைங்க.

ரிம், ஸ்டட் செட்டு, வண்டியைக் கட்டி இழுத்த கூலி எல்லாம் சேர்த்து 18,000.

சரி பண்ணின மெக்கானிக் அண்ணன் ரிம் போய் உக்கார்ற ஹப்பைக் காட்டினார். துரு செதில் செதிலா இருந்துச்சு, சுரண்டவே இல்ல. அந்தத் துரு மேல ரிம்மை வச்சு, ஒரு பக்கமாவே இறுக்கிட்டு வந்தா ரிம் சாய்ஞ்சுதான் உக்காருமாம். நட்டு என்னவோ கல்லு மாதிரிதான் இருக்கும். வண்டி ஓடி, ரிம் நேரா உக்காந்ததும் இறுக்கமெல்லாம் போயிடும்.

கடைக்குப் போன் பண்ணினேன். முதல் தடவை, "நடுவுல நீங்க எங்கயாவது கழட்டியிருப்பீங்க." ரெண்டாம் தடவை, "ஓனர் வெளியூர்." மூணாவதா, "பில்லைத் திருப்பிப் பாருங்க சார், வண்டி வெளிய போனா நாங்க பொறுப்பில்லைன்னு போட்டிருக்கு." போட்டுத்தான் இருக்கு. எறும்பு எழுத்துல.

என்னென்ன பார்க்கணும்னு விளக்கமா எழுதத்தான் உக்காந்தேன், முடியல. நட்டை முதல்ல கையால ஏத்தச் சொல்லுங்க. அடுத்தடுத்த நட்டை இறுக்க விடாதீங்க, ஒண்ணு விட்டு ஒண்ணு, நட்சத்திரம் போடுற மாதிரி. கடைசி இறுக்கம் டயர் தரையில பட்ட பிறகு, டார்க் ரெஞ்சுலதான். இறுக்கத்தோட அளவு பல காருக்கு 100-120 நியூட்டன் மீட்டர் பக்கம் வரும், உங்க வண்டிக்கு எவ்வளவுன்னு மேனுவல்ல பாருங்க. ஸ்பேனர் மேல ஏறி மிதிக்கவும் விடாதீங்க, ஸ்டட் இழுபட்டுடும். மரையில எண்ணெய் வேண்டாம். 50-100 கிலோமீட்டர் ஓடினதும் மறுபடி ஒருதடவை இறுக்கிப் பாருங்க, இதைத்தான் நான் செய்யல.

இப்ப என் நம்பரைப் பார்த்தா போனே எடுக்கிறதில்ல. முறிஞ்ச ஸ்டட்டைப் பத்திரமா வச்சிருக்கேன். நாளைக்குக் காலையில அந்த ஏசி ரூம்ல போய் உக்காரப் போறேன்.