அஸ்தம்பட்டியில் டிம் சம்: மேல்மாவில் தேர்ந்த ஒரு சிறு உணவகம்

சேலம் அஸ்தம்பட்டியில், எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடும் தூரத்தில், எட்டு மேசைகள் மட்டும் கொண்ட ஒரு காண்டனீஸ் (தென்சீன) உணவகம் இருக்கிறது. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே டிம் சம் சாப்பிட்டேன். இரண்டாம் முறை என் அத்தையும் வந்திருந்தார்.

தென்சீனத்தின் குவாங்டோங் மாகாணத்திலும் ஹாங்காங்கிலும் தேநீருடன் உண்ணும் சிற்றுண்டிகளின் பொதுப்பெயரே டிம் சம். அந்த வேளையையே அவர்கள் ‘யம் சா’, அதாவது தேநீர் அருந்துதல் என்றுதான் சொல்கிறார்கள். இங்கே பாலும் சர்க்கரையும் சேராத மல்லிகைத் தேநீர் பீங்கான் குடுவையில் வருகிறது. தீர்ந்ததும் மூடியைச் சற்று விலக்கி வைத்தால், காண்டனீஸ் வழக்கப்படி, நாம் கேட்காமலேயே வெந்நீர் ஊற்றிவிடுகிறார்கள்.

இவ்வுணவகத்தை நான் மெச்சுவதற்குக் காரணம் ஹார் காவ் என்னும் இறால் கொழுக்கட்டை. மாவைச் சேர்த்துப் பிடிக்கும் புரதமான குளூட்டனை நீக்கிய கோதுமை ஸ்டார்ச்சுடன் மரவள்ளி மாவைக் கலந்து, கொதிநீர் விட்டுப் பிசைந்து இதன் மேல்மாவைச் செய்கிறார்கள். வெந்ததும் உள்ளிருக்கும் இறாலின் இளஞ்சிவப்பு வெளியே தெரியும் அளவுக்கு அது தெளிந்துவிடுகிறது, மரவள்ளியோ கடிக்கும்போது மெல்லிய இழுவையைத் தருகிறது. ஜவ்வரிசி ஆலைகள் சூழ்ந்த, 1981-இல் பதிவான சேகோசர்வ் என்னும் ஜவ்வரிசி உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் இயங்கிவரும் நம் ஊரில் மரவள்ளி மாவுக்கா பஞ்சம்? உள்ளூர் மாவையே வாங்குவதாகச் சமையலர் சொன்னபோது எனக்கு உண்மையாகவே பெருமையாக இருந்தது.

அத்தை ஒன்றை எடுத்து, விளிம்பை விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தார். “தண்ணி நல்லாக் கொதிச்சப்புறந்தான் மாவுல ஊத்தியிருக்காங்க கண்ணு, அதான் எங்கயும் விரியல” என்றார். பிள்ளையார் சதுர்த்திக்குச் சொப்பு பிடித்துப் பழகிய கை சொல்லும் சொல் அது; அரிசி மாவிலும் குளூட்டன் கிடையாது என்பதால், கொதிநீர்தான் அதையும் சேர்த்துப் பிடிக்கிறது. நான் எண்ணிய ஒன்றில் ஒன்பது மடிப்புகள் இருந்தன. உள்ளே இறாலை அரைத்து விடாமல் துண்டுகளாகவே வைத்திருந்தார்கள்.

முள்ளங்கியும் அரிசி மாவும் சேர்த்து அவித்து, பின் கல்லில் முறுகலாக வாட்டிய பணியாரமும் அருமை. சியூ மாய் என்னும் வாய் திறந்த இறைச்சிக் கொழுக்கட்டை மட்டும் ஏமாற்றம்: பன்றி இறைச்சிக்குப் பதில் கோழி வைக்கிறார்கள், அதற்கேற்ற கொழுப்புச் சேர்க்காததால் உள்ளீடு வறண்டுபோகிறது.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. கூட்டம் சேர்ந்ததும் மூங்கில் கூடைகள் போதாமல் எவர்சில்வர் தட்டில் அவிக்கிறார்கள். மூங்கில் மூடி ஆவியின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். உலோக மூடியிலோ அது நீராகத் திரண்டு கீழே சொட்டும். அப்படி வந்த எங்கள் மூன்றாம் தட்டில் தோல் ஊறிப்போய் அடியில் ஒட்டி, எடுக்கும்போதே கிழிந்து, இறால் தனியாக விழுந்தது. இத்தனை கவனமாகச் செய்த மாவு கடைசி ஐந்து நிமிடத்தில் வீணாவதைப் பார்க்க மனம் ஒப்பவில்லை. நான்கைந்து கூடைகள் கூடுதலாக வாங்கி வைக்குமாறு உரிமையாளரிடம் நேரிலேயே கேட்டுக்கொண்டேன்.

ஆறினால் தோல் இறுகிவிடும் என்பதால் ஒரு நேரத்தில் இரண்டு தட்டுக்கு மேல் சொல்ல வேண்டாம். இருவருக்கும் சேர்த்து 640 ரூபாய் ஆனது. பன்னிரண்டு மணிக்குமுன் போனால் மூங்கில் கூடையிலேயே கிடைக்கும்.